ஆகாயத்தில் ஒரு பந்தி

பந்தியில் இருக்கும்போது பக்கத்து இலை வெறுமையாய்க் கிடந்தால், குனிந்த தலை நிமிராமல் சாப்பிட உங்களால் ஏலுமோ?

கனகலிங்கத்தாரால் ஏலாது. கண்டாவளையில் எந்தக் கலியாண வீடென்றாலும், தன் இலையில் சோறு விழமுதல் அவர் குரல் எழும்பிவிடும். "தம்பி, இஞ்சால இவருக்குக் குழம்பு விடும்! அங்கால அந்தப் பிள்ளைக்கு அப்பளம் காணாது!"

கலியாண வீட்டில் அது சரி. விமானத்திலுமா?

பலாலியில் இருந்து சென்னைக்கு ஒன்றேகால் மணித்தியாலப் பயணம். கனகலிங்கத்தாருக்குக் கண் ஒப்பரேசன். அறுவடை நேரம், மகனால் வயலை விட்டு வர ஏலாது. மருமகள் ராஜினிதான் கூட்டிக்கொண்டு போகிறாள். ஆஸ்பத்திரிக்குக் கட்டவேண்டிய காசும் வழிச்செலவுக்குக் கொஞ்சமும் அவளுடைய கைப்பையில்.

நடைபாதைப் பக்கம் ராஜினி. நடுவில் மாமா. யன்னலோரம் ஒரு பெடியன். ஏறின நேரம் தொட்டுக் காதில் எதையோ செருகிக்கொண்டு கண்ணை மூடியபடி இருந்தான்.

"தம்பி எந்த ஊர்?"

"செட்டிகுளம்."

அவ்வளவுதான். கண்ணும் திறக்கவில்லை, வாயும் திறக்கவில்லை.

விமானம் எழும்பியதும் மாமாவுக்குக் காது அடைத்துவிட்டது. "வன்னியில பிறந்த பிள்ளையோ இது? ஒரு கதை பேச்சில்லை!" என்று மருமகளின் காதுக்குள் சொன்னார். ரகசியம் சொன்னதாக அவருக்கு நினைப்பு. விமானிக்கே கேட்டிருக்கும்.

பணிப்பெண் வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "டீ, காபி, பிஸ்கட் ஏதாவது வேணுமா சார்?"

ராஜினி அப்போதுதான் விலைப்பட்டியலைப் பார்த்து முடித்திருந்தாள். இங்கே ஒரு தேத்தண்ணி குடிக்கிற காசுக்குப் பரந்தன் சந்தியில் அரைவாசி பஸ்சுக்கு வாங்கிக் கொடுக்கலாம். 'வேண்டாம்' என்று அவள் வாயெடுக்கமுதல் மாமா முந்திக்கொண்டார்.

"குடுங்கோ பிள்ளை! எனக்கு ஒண்டு, மருமகளுக்கு ஒண்டு. அங்கால அந்தத் தாய்க்கும் ஒண்டு, ரெண்டு பிள்ளையளுக்கும் பிஸ்கட். பின்னுக்கு ஒரு ஐயா பாத்துக்கொண்டிருக்கிறார், அவரை விட்டிடாதேங்கோ!"

"சார், இதெல்லாம் காசுக்குத்தான். கடைசியா வந்து சேர்த்து வாங்கிக்கிறேன்."

"ஓமோம், நல்லது, நல்லது!" காது அடைத்த மனுசன் சிரித்துத் தலையாட்டினார்.

"மாமா..." ராஜினி அவர் கையைச் சுரண்டினாள்.

"என்ன பிள்ளை? சத்தமாச் சொல்லு!"

எப்படிச் சத்தமாய்ச் சொல்வது? நடைபாதைக்கு அங்கால் அந்தத் தாய் கைகூப்பாத குறையாய்ச் சிரிக்கிறா. சின்னது பிஸ்கட்டைக் கடித்தும்விட்டது. பின்னாலிருந்த ஐயா, "பெரிய மனசு உங்களுக்கு!" என்று எட்டி மாமாவின் தோளில் தட்டுகிறார். இத்தனை பேருக்கு முன்னால் மாமாவைத் தலைகுனிய வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தத் தம்பிக்கும் ஒண்டு!"

பெடியன் ஒற்றைக் கண்ணைத் திறந்து, வேண்டாமென்று தலையாட்டிவிட்டு மூடிக்கொண்டான்.

மாமாவுக்குச் சுருக்கென்றது. "பாத்தியோ பிள்ளை? ரிக்கற்றுக்கு இவ்வளவு காசு வாங்கினவங்கள் அன்பா ஒரு தேத்தண்ணி தாறாங்கள். அதையும் தொடமாட்டாராம். பெரிய ஆள்!"

ராஜினிக்கும் அவனில் கோபம்தான். கோபப்பட அவளுக்கும் ஆரோ ஒருவர் தேவைப்பட்டார்.

போதாக்குறைக்கு, மாமா முதல் மிடறு குடிக்கிற நேரம் பார்த்து அவன் எழும்பி, வழி விடச்சொல்லிக் கையைக் காட்டினான். சுடுதேத்தண்ணியோடு மாமா எழும்ப, அவருக்கு வழிவிட ராஜினி எழும்ப, அவன் பின்பக்கம் போனான். இவர்கள் இருந்து ஆறுதலாய் மூச்சு விடமுதல் திரும்பியும் வந்தான். பிறகும் இரண்டு பேரும் எழும்பவேண்டியதாய்ப் போயிற்று.

"எங்கட பந்தியில இப்பிடி இடையில எழும்பினா நான் விட்டிருக்கமாட்டன்!" என்றார் மாமா, முழு விமானத்துக்கும்.

பெடியன் பழையபடி கண்ணை மூடிக்கொண்டான்.

ராஜினி மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் காசு குறைந்தால் ஒப்பரேசனைத் தள்ளிப்போடுவார்களோ? ஆரிடம் கேட்பது? சென்னையில் ஒருத்தரையும் தெரியாதே.

பணிப்பெண் திரும்பி வந்தாள். ராஜினி கைப்பையைத் திறந்தாள்.

"வேண்டாம் மேடம்," பணிப்பெண் குனிந்து மெல்லச் சொன்னாள். "எல்லாத்துக்கும் பணம் வந்தாச்சு."

"ஆர் குடுத்தது?"

அவள் கண்ணால் யன்னல் பக்கம் காட்டினாள். "பின்னாடி வந்து கட்டிட்டுப் போனார். இதுக்குக் காசு வாங்குவோம்னு ஐயாவுக்குத் தெரியவேண்டாம்னு சொன்னார்."

ராஜினி திரும்பிப் பார்த்தாள். மூடின கண் மூடினபடிதான் இருந்தது.

அதற்குள் மாமாவின் கை பணிப்பெண்ணை மறித்தது.

"பிள்ளை, நான் யோசிச்சுப் பாத்தன். இந்தத் தம்பி வெக்கத்திலதான் வேண்டாமெண்டிருக்குது. எங்கட பக்கத்துப் பிள்ளையள் முதல்தரம் கேட்டா அப்பிடித்தான் சொல்லுங்கள். ரெண்டாந்தரமும் கேக்கோணும். அவருக்கும் ஒரு தேத்தண்ணி குடுங்கோ!"

பெடியன் கண்ணைத் திறந்தான். மாமாவின் முதுகுக்குப் பின்னால் சாய்ந்து, ராஜினியிடம் மெல்லச் சொன்னான்.

"அக்கா, இந்த ஒண்டை மட்டும் நீங்கள் வாங்கித் தாங்கோ. சீனி குறைவா."