பச்சைக் கோடு வரை

வாளியைச் சாய்த்தேன். கெட்டியான பெயின்ட்டைப் போன்ற சாம்பல் நிறக் கலவை, புனல் வழியாக எஞ்சின் பிளாக்குக்குள் இறங்கத் தொடங்கியது.

"பூச்செடிக்குத் தண்ணி விடுற மாதிரி ஊத்துறீங்களே மச்சான்," என்றார் எதிரே டார்ச்சுடன் குனிந்திருந்த மாப்பிள்ளை.

"ஓட்டுறதுதான் உங்க வேலை. இங்க லைட்டைப் பிடிச்சா போதும்."

அவர் என் தங்கையின் கணவர். இன்னும் இருபது நாளில், இந்த எஞ்சினை வைத்துத்தான் மலைப்பாதைப் பந்தயத்தில் ஆறு மணி நேரம் ஓட்டப் போகிறார்.

சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓடுவதற்கென்று வார்ப்பிலேயே விடப்பட்ட அறைகள் உண்டு. பந்தய எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறும்போது அந்த வெற்றிடமே பலவீனமாகிவிடுகிறது. சிலிண்டர் சுவர் நெளிகிறது. ஆகவே அறைகளின் அடிப்பகுதியை இந்தக் கலவையால் நிரப்பி இறுக விடுவோம். மூன்றில் ஒரு பங்கு நிரப்பினால் சுவருக்கு வலு கிடைக்கும். மேலே மிஞ்சிய இடத்தில் தண்ணீர் ஓடி எஞ்சினைக் குளிர்விக்கும்.

விளிம்பு வரை நிரப்பினால் வலு இன்னும் கூடும். ஆனால் தண்ணீருக்கு இடமிராது. அத்தகைய எஞ்சின் நேர்ப்பாதையில் பத்து விநாடி சீறும். மலை ஏறாது.

இறுகியபின் அதை எடுக்கவும் வழியில்லை. உளி வைத்தால் வார்ப்புதான் உடையும். இந்த வகை பிளாக் இன்னொன்று தேடிப் பிடிக்க மாதக்கணக்கில் ஆகும்.

எதுவரை நிரப்ப வேண்டும் என்பதற்கு அறையின் உள்சுவரில் பச்சைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்திருந்தேன். தண்ணீர் பம்ப் பொருந்தும் துளை வழியே டார்ச் அடித்து அதைக் கவனிக்க வேண்டியது மாப்பிள்ளை. கோடு மறையும் கணத்தில் 'போதும்' என்று அவர் சொல்ல வேண்டும்.

நேற்று, துருவைக் கம்பித் தூரிகையால் சுரண்டிக்கொண்டிருந்தபோது தங்கை பட்டறைக்கு வந்தாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"அண்ணா, விளிம்பு வரைக்கும் ஊத்திடு. கை தவறிடுச்சுன்னு சொல்லிக்கலாம். எல்லாரும் உன்னைத்தான் திட்டுவாங்க. எனக்காகத் திட்டு வாங்கிக்கயேன்."

சென்ற ஆண்டு அதே மலையில் கார் இரண்டு முறை உருண்டது. பக்கத்து இருக்கையில் வழி சொல்லிக்கொண்டிருந்த நண்பர் இப்போது கைத்தடியோடு நடக்கிறார். மாப்பிள்ளையோ மறுவாரமே, நசுங்கிய கதவைத் தட்டி நிமிர்த்தத் தொடங்கிவிட்டார். அந்த மனிதருக்குப் பயம் என்பதே கிடையாது என்று பந்தயக்காரர்கள் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன், பெருமையாகவே.

தங்கையிடம் நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. ஆனால் இன்று காலை கலவையைக் கலக்கும்போது, என் கை விளிம்பு வரை நிரப்பும் அளவுக்கே கலந்துவிட்டது. இவ்வளவு எதற்கு என்று மாப்பிள்ளை கேட்கவில்லை.

ரசமட்டத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். வெல்டிங் கம்பியை உள்ளே விட்டுக் கிளறினேன். காற்றுக் குமிழிகள் மேலே வந்து உடைந்தன. ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டினேன். தொடக்கத்தில் வெற்றுக் குடம் போல ஒலித்த இரும்பு, கலவை ஏற ஏற மந்தமாகிக்கொண்டு வந்தது. எந்த இடம் வரை நிரம்பியிருக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

இருபத்தாறு ஆண்டுகளில், கேட்ட அளவுக்கு மேல் ஒரு மயிரிழையும் நான் நிரப்பியதில்லை.

ஒரு மனிதர் எதில் ஏறி உட்காரப் போகிறார் என்பதை அவருக்குத் தெரியாமல் நான் தீர்மானிக்கலாமா? தங்கை மறுபடி ஒருமுறை மருத்துவமனை வராந்தாவில் நிற்பதற்கு நானே எஞ்சின் கட்டிக் கொடுக்கலாமா? இரண்டுக்கும் 'கூடாது' என்பதே விடை. ஒன்றை மீறாமல் மற்றொன்றைக் காப்பதற்கு வழி தெரியவில்லை.

ஊற்றினேன். தட்டினேன். ஊற்றினேன்.

சத்தம் செத்துப்போன இடம் கோட்டைத் தொட்டது. மாப்பிள்ளை 'போதும்' என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. இன்னும் ஒரு கணம் கையை அப்படியே வைத்திருந்தால் போதும்; பார்க்கத் தவறியது அவர், பழி பாதி அவருக்கும்.

வாளியை நிமிர்த்திக் கீழே வைத்துவிட்டேன். பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. தங்கையின் முகத்தில் இனி எப்படி விழிப்பது என்று தெரியவில்லை.

அதைக் காட்டிக்கொள்ளாமலிருக்கக் கேலியாகவே கேட்டேன்: "கோடு முங்கிடுச்சு மாப்ளே. போதும்னு ஒரு வார்த்தை வரலையே, நின்னுக்கிட்டே தூங்கிட்டீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. குனிந்த தலையை நிமிர்த்தவும் இல்லை. துளைக்குள் பார்த்தபடியே, அதனிடம் கேட்பது போலக் கேட்டார்.

"நேத்து அவளை அனுப்பி வச்சேனே மச்சான். வந்து ஒண்ணுமே சொல்லலையா?"

கலவை இறுக இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

நான் வாளியைத் தூக்கினேன். அவர் டார்ச்சை அணைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் புனலைப் பிடித்துக்கொண்டார்.