ஆறு மணிக்கு மேல்

"கருவளையம் பிரமாதமா இருக்கும்மா. பவுடர் கிவுடர் போட்டு மறைச்சிடாதே" என்றார் மைக் மாமா.

நாலாவது மாடிப் பெண் கொட்டாவியை அடக்கிக்கொண்டு தலையாட்டினாள். அவள் தோளில் கைக்குழந்தை வாயைப் பிளந்துகொண்டு தூங்கியது. இப்படியொரு சாட்சி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று மாமாவுக்கு உச்சி குளிர்ந்தது.

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் அவர். மைக்கைப் பிடித்தால் லேசில் விடமாட்டார் என்பதால் வந்த பெயர் அது. உண்மையில் அவர் குரலுக்கு மைக்கே தேவையில்லை.

வாசலை ஒட்டி மேம்பாலம் கட்டுகிறார்கள். நகர விதிப்படி, சத்தம் போடும் வேலையெல்லாம் மாலை ஆறு மணியோடு சரி. அதை இரவு பத்து வரை நீட்டிக்கொள்ள அனுமதி கேட்டிருந்தது பாலம் கட்டும் கம்பெனி.

"ஆறு மணிக்கு மேல ஒரு சுத்தியல் விழுந்தாலும் அன்னிக்கே பதவியைத் தூக்கிப் போட்டுடுவேன்" என்று மாமா ஊரறியச் சபதம் போட்டிருந்தார்.

"பதவி போயிட்டா அப்புறம் யார்கிட்டப் பேசுவீங்க?" என்று கேட்டாள் அவர் மனைவி. "நான் காது கொடுப்பேன்னு மட்டும் கனவு காணாதீங்க."

கேட்க ஆள் இல்லாத வாழ்க்கையை அவரால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை. அதனால்தான் இந்தச் சாட்சியைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்திருந்தார்.

"மாமா, நான் சொல்ல வந்தது என்னன்னா..." என்று இழுத்தாள் அந்தப் பெண்.

"எல்லாத்தையும் மேடம் முன்னாடி சொல்லு. இப்பவே சொல்லி வீணாக்காதே."

நேரில் விசாரிக்க வந்திருந்த அதிகாரி அம்மாள், சங்க ஹாலில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். ஒரு மூலையில் கம்பெனியின் இன்ஜினீயர், மஞ்சள் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பரிதாபமாக இருந்தார். மாமாவின் உத்தரவுப்படி ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. வெளியே தூணுக்குத் துளை போடும் மெஷின் டமடமவென்று இடித்ததில் மேஜை மேலிருந்த தண்ணீர்க் குவளை நடனமாடியது.

"மேடம், இது வீடா, இரும்புப் பட்டறையா?" என்று மாமா முழங்கினார். "பகல்லதான் படுத்தி எடுக்கறாங்க. ராத்திரியும் வேணுமாம். நாங்க எப்பதான் கண்ணை மூடறது?"

கூடியிருந்த குடித்தனக்காரர்களின் கைதட்டல் கூரையைப் பிய்த்தது. தோளில் கிடந்த குழந்தை அசையவில்லை.

அந்த நேரம் பார்த்து மெஷின் நின்றது. வேலையாட்கள் டீ குடிக்கக் கிளம்பியிருந்தார்கள். "கொஞ்சம் அமைதியா இருங்க, எழுதிக்கறேன்" என்றார் அதிகாரி. ஹாலும் கப்சிப் ஆனது.

குழந்தை வீல் என்று அலறியது. பெண் முதுகைத் தட்டினாள், ஆட்டினாள், பால் புட்டியை நீட்டினாள். எதற்கும் மசியவில்லை.

மாமா வாய்ப்பை விடுவாரா? "பாருங்க மேடம், பச்சை மண்ணு. எப்படி அரண்டு போயிருக்குது பாருங்க" என்று ஜன்னல் கண்ணாடி அதிரக் கத்தினார். குழந்தை அழுகையை நிறுத்தி, கட்டை விரலை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடியது.

"பார்த்தியா, குழந்தைகூட என் பேச்சுக்குக் கட்டுப்படுது" என்று மனைவியிடம் கிசுகிசுத்தார். அந்தக் கிசுகிசு கடைசி வரிசை வரை கேட்டது.

பிறகு சாட்சியை முன்னால் நிறுத்தினார். "சொல்லும்மா. நீ ராத்திரி தூங்கி எவ்வளவு நாளாச்சு?"

"ஞாபகமே இல்ல மாமா. விடிய விடிய இவன் அழுகைதான்."

ஹால் முழுக்க உச்சுக் கொட்டியது. அதிகாரி மட்டும் பேனாவை நிறுத்தினார். "வேலைதான் ஆறு மணிக்கே நின்னுடுதே. ராத்திரி ஏன் அழறான்?"

"பகல்ல பட்ட பாட்டை நினைச்சு நினைச்சு அழறான் மேடம்" என்றார் மாமா.

"நீங்க இருங்க. அவங்க சொல்லட்டும். எப்பம்மா அழ ஆரம்பிப்பான்?"

"ஆறு மணிக்கு மேடம். மெஷின் நின்னதும்."

"எப்ப நிறுத்துவான்?"

"காலையில மெஷினைப் போட்டதும். வயித்துல இருந்த காலத்துலேர்ந்து இந்தச் சத்தத்தைக் கேட்டே பழகிட்டான் மேடம். இதைத்தான் மாமாகிட்ட சொல்ல வந்தேன். எங்க விட்டாரு?"

முதலில் சிரித்தது அதிகாரிதான். அப்புறம் ஹாலே குலுங்கியது. எல்லாரையும்விடச் சத்தமாகக் கைதட்டியவள் மாமாவின் மனைவி. அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பத்து மணி வரைக்கும் நடத்திக்குங்க" என்று இன்ஜினீயரிடம் சொல்லிவிட்டுக் கையெழுத்தைப் போட்டார்.

மாமா வாயைத் திறந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரல் வரவில்லை. பதவி போயிற்று, இனி கேட்க ஒரு ஜீவன் இல்லை என்ற நினைப்பில் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். சிரிப்பெல்லாம் அடங்கிய அந்த அமைதியில் குழந்தை மறுபடியும் வீல் என்றது.

இன்ஜினீயருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "பத்து மணி வரைக்கும் நாங்க பார்த்துக்கறோம்மா. அதுக்கு மேல என்ன செய்வீங்க?"

அவள் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே மாமா பக்கம் திரும்பினாள்.

"அதுக்கு மேல மாமா வந்து கொஞ்ச நேரம் பேசினாப் போதும் சார்."