அவர் வரட்டும்

தில்லையம்பலம் இரண்டு பேணிப் பாலிலும் கசப்புத் தெரியாதபடி சீனியை அள்ளிப் போட்டுக் கலக்கினார்.

“இஞ்சேரும், குடியும். ஆறப்போகுது.”

மனைவி குணலட்சுமி பேணியைத் தொடவில்லை. “அவர் தோட்டத்தாலை வரட்டும். அவருக்கு முதல் நான் எப்ப குடிச்சிருக்கிறன்?”

“நான்தானப்பா அவர்.”

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “விசர்க் கதை கதையாதையுங்கோ. அவருக்குத் தலை நரைக்கேல்லை.”

பிள்ளைகளை மறந்தாள், வீட்டை மறந்தாள், அவரையும் மறந்துவிட்டாள். கணவனுக்கு முன் வாய் நனைக்காத பழக்கத்தை மட்டும் மறக்கவில்லை.

காலையில்தான் ஆட்டை அயல்வீட்டுக்குக் கொடுத்திருந்தார். கனடாவிலிருந்து மகன் தொலைபேசி எடுத்தபோது, “ஒரு குறையுமில்லை, தம்பி,” என்றார். தன் புற்றுநோய் ஈரல்வரை பரவிவிட்டதாக டொக்டர் சொன்னதைச் சொல்லவில்லை.

“ஒரு மிடறு குடியுமன்,” என்று கெஞ்சினார்.

“அவர் பாவம். நான் இல்லாட்டிச் சாப்பிடவும் மாட்டார். நான்தான் இருந்து பாக்கவேணும்.”

பேணியை அவளுக்கு எட்டாமல் நகர்த்தி வைத்தார். முதலில் அவள், பிறகு தான் என்றுதான் நினைத்திருந்தார். அவளை ஒரு நிமிடமும் தனியே விட்டுப் போகக் கூடாது என்பதற்காக.

பின்வளவில் ஆழமாகக் குழி வெட்டினார். இரண்டு பேணிப் பாலையும் ஊற்றி, பேணிகளையும் உள்ளே போட்டு, கோழி கிளறாதபடி மண்ணை மிதித்து இறுக்கினார்.

திரும்பி வந்தபோது அவள் படலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஐயா, வழியிலை அவரைக் கண்டனீங்களோ?”

“ஓம் அம்மா,” என்றார். “வந்துகொண்டிருக்கிறார்.”