தட்டை மீனுக்கு ஒரு சட்டம்

கழிமுகத்தில் தட்டை மீன் அருகிப்போனதால் கூழைக்கடா மற்ற பறவைகளைக் கூட்டிச் சட்டம் போட உட்கார்ந்தது. அழைக்காமலே காகமும் போய் முன்னால் உட்கார்ந்துகொண்டது.

"நீ பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்கிறவன். பிழைப்புக்குப் பிடிக்கிற எங்கள் நடுவில் உனக்கென்ன பேச்சு?" என்றது கூழைக்கடா.

காகம் அசரவில்லை. "நீங்கள் பிடித்ததும் விழுங்கிவிடுகிறீர்கள், அண்ணே. நான் கிழித்துப் பார்த்துத்தான் தின்கிறேன். என் இறக்கை நீளம்கூட இல்லாத மீனில் ஒருநாளும் முட்டை இருந்ததில்லை. அந்தச் சின்ன மீன்களையெல்லாம் முட்டையிடும்வரை பிடிக்காமல் விட்டுவிடுவோம். எனக்கு ஒரு நாளைக்கு ஒரே மீன்தான் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்."

தனக்கே கடிவாளம் கேட்டு வந்த ஒருவரை அந்தக் கூட்டம் பார்த்ததே இல்லை.

கூழைக்கடா யோசித்தது. பிறகு அலகைத் திறந்து, தொண்டைப் பையில் துள்ளிக்கொண்டிருந்த நான்கு குட்டி மீன்களைத் தண்ணீரில் விட்டது.

"இப்படிப் பக்கத்தில் வா, தம்பி. வேறென்ன பார்த்தாய், சொல்லு."