நலம் விசாரித்த நாக்கு

ஒரு வாய்க்குள் நாக்கும் கன்னமும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தன. கன்னத்தின் உள்தோல் ரொம்ப நாளாகவே புண்ணாகிக் கிடந்தது. அதனால் நாக்குக்கும் ஊறுகாய் கிடையாது, ரசம் கிடையாது, வெறும் மோர்சோறுதான்.

“இன்னிக்காவது ஆறிடுச்சாக்கா?” என்று நாக்கு ஆசையாய்ப் போய்த் தடவிப் பார்க்கும். “ஐயோ!” என்று கன்னம் அலறும். சத்தம் கேட்டதும் நொதி என்கிற கத்தரிக்காரர் ஓடி வருவார். கெட்டுப்போன தோலை வெட்டி எடுத்துப் புதுத்தோலுக்கு இடம் விடுவதுதான் அவர் வேலை. வந்த அவசரத்தில் நேற்று முளைத்த இளந்தோலையும் சேர்த்து வெட்டிவிட்டுப் போவார்.

ஒருநாள் நாக்கு அவரை வழிமறித்தது. “ஏண்ணே, கண்ணு தெரியலையா? நல்ல தோலையுமா வெட்டுவீங்க?”

“என்னை ஏண்டா திட்டுறே? அலறினா வருவேன், வந்தா வெட்டுவேன். அலற வைக்கிறது யாரு?”

“நீதாண்டா தம்பி” என்றது கன்னம், மெதுவாக.

நாக்குக்கு வெட்கமாய்ப் போனது. அன்றிலிருந்து பல்லுக்குப் பின்னால் சுருண்டு படுத்துக்கொண்டது. நுனி துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளும். அலறல் இல்லாததால் நொதியும் கத்தரியைத் தலைக்கு வைத்துத் தூங்கிப்போனார்.

பிறகு ஒருநாள் மாங்காய் ஊறுகாய் உள்ளே வந்தது. நாக்கு பயந்துபோய் அதைக் கன்னத்தில் படாமல் மறுபக்கமாய் ஒதுக்கியது.

“ஏய், இப்படிக் கொண்டு வாடா! புண்ணுதான் ஆறிடுச்சே, எனக்கு மட்டும் ஆசை இருக்காதா?” என்றது கன்னம்.

இரண்டும் சப்புக்கொட்டிய சத்தத்தில் நொதி திடுக்கிட்டு எழுந்தார். “யாரு கூப்பிட்டது?”

“யாருமில்லேண்ணே, நீங்க படுங்க!”