ஃப்ரிட்ஜுக்குள் பெத்லகேம்

அந்தோணியார் மேல் ஆணை. இதில் ஒரு சொல் கூட்டியதில்லை, ஒரு சொல் குறைத்ததில்லை.

வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டிருந்தார்.

முட்டை வைக்கும் குழிகளில் ஆடுகளை நிறுத்திக்கொண்டிருந்தார். குழிக்கு ஒன்று. அளவெடுத்ததுபோல் பொருந்தின. அந்தக் குழிகளைச் செய்தவன் முட்டையை நினைத்துச் செய்திருக்க வாய்ப்பே இல்லை.

“என்ன செய்யுதிய? கிறுக்கு கூடிட்டா?”

மெற்றில்டா அடுக்களையில் சேறு வழித்துக்கொண்டிருந்தாள். நாற்பது வருஷத்துக்கு மேலாக அவருக்கு மனைவி. கேட்க உரிமை உள்ளவள்.

அவர் பல்லிடுக்கில் ஒரு இடையனைக் கடித்துப் பிடித்திருந்தார்.

வெள்ளம் வடிந்திருந்தது. சுவரில் இடுப்பளவுக்கு ஒரு பழுப்புக்கோடு. அதற்குக் கீழே எதைத் தொட்டாலும் ஊறியது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்துமஸ் குடில் அவர் பொறுப்பு. மலை, குளம், வீடுகள், ராஜாக்கள், ஒட்டகம், எல்லாம். பாலன் இயேசு மட்டும் மெற்றில்டாவின் பொறுப்பு. பூசை முடிந்து வந்து அவள்தான் கிடத்துவாள். வேறு கை பட்டதில்லை.

தண்ணீர் ஏறியபோது அவள் நகையை விட்டாள். வீட்டுப் பத்திரத்தை விட்டாள். பாலனை முந்தியில் முடிந்துகொண்டு மாடி ஏறினாள்.

அந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை.

“ஈர வீட்டுல புள்ளையப் போட மாட்டேன். இந்த வருஷம் குடிலும் கெடையாது, ஒண்ணுங் கெடையாது.”

பாலன் இல்லாத குடில் வெறும் மாட்டுத்தொழுவம். அதற்கு இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. அவருக்கு அந்த முடிச்சு அவிழ வேண்டும்.

வீடு முழுக்கக் கையால் தடவிப் பார்த்தார். தரை ஈரம். மேசை ஈரம். பரணிலிருந்து சொட்டியது.

துடைத்ததும் காய்ந்த இடம் ஒன்றே ஒன்று.

ஃப்ரிட்ஜ்.

அது வெள்ளத்தில் நீந்தத் தெரிந்த ஃப்ரிட்ஜ். அடுக்களையிலிருந்து புறப்பட்டு, நிலைப்படியில் கொஞ்சம் ஒருக்களித்து, நாற்காலிக்கு வழிவிட்டு, கூடத்துக்கு வந்தது. வருஷா வருஷம் குடில் வைக்கும் அதே மூலையில், முகத்தை வாசலுக்குக் காட்டி நிமிர்ந்து நின்றது. தெருவில் மற்ற ஃப்ரிட்ஜுகள் எல்லாம் மல்லாந்து செத்தன.

இது நிற்கிறது என்றால், சும்மாவா நிற்கும்?

நிவாரணத்தில் வந்த பிஸ்கட் அட்டைகளை வெட்டி வீடுகள் கட்டினார். புல்லுக்குக் கேழ்வரகு விதைக்க நாளில்லை. சாக்கிலிருந்த பாசிப்பயறு நனைந்து, யாரையும் கேட்காமல் முளைத்துக் கிடந்தது. அள்ளிவந்து காய்கறித் தட்டில் பரப்பினார். மறுநாள் அது அடர்ந்த அடர்த்தியில் ஒரு கழுதை காணாமல் போயிற்று. தேடிக்கொண்டே இருக்கிறார்கள்.

மூன்று ராஜாக்களில் ஒருவர் வெள்ளத்தோடு போயிருந்தார். அவராகவே திரும்பி வந்தார். பக்கத்து வீட்டு மிக்கேலிடம் வழி கேட்டிருக்கிறார். மிக்கேல் கையோடு கூட்டிவந்தான்.

“அண்ணாச்சி, ராசா மட்டுந்தான் வந்தாரு. ஒட்டகத்தக் காணோம்.”

“வரும்டே. தண்ணியில ஒட்டகம் மெதுவாத்தான் நடக்கும்.”

தூத்துக்குடிப் பக்கத்துக் குடில்களில் அதுவரை பஞ்சுதான் பெய்திருக்கிறது. இங்கே அசல் பனி பெய்தது. ஃப்ரீசரில் தொடங்கி ஒவ்வொரு தட்டாக இறங்கியது. கூரைகளில் விரற்கடை கனத்துக்கு ஏறியது. இடையர்களில் வயதானவர் இருமத் தொடங்கினார்.

கதவைத் திறந்தால் வெளிச்சம் தானாக வந்தது. மூடினால் பெத்லகேம் உறங்கியது. நட்சத்திரத்துக்கு வயர் இழுக்கும் வேலையே இல்லை.

தெரு திரண்டு வந்தது. மூன்றாம் வீட்டு டீச்சர் காதுக்கு மப்ளர் கட்டிக்கொண்டு வந்தார். வரிசையில் நின்றவர்களுக்குப் பல் கிட்டியது.

மெற்றில்டா மட்டும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அவரும் விடுவதாக இல்லை.

ஊரில் காய்ந்த வைக்கோல் கிடையாது. ஒரு பிடி ஈர வைக்கோலைப் பழைய துணியில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். அதோடே நடந்தார், அதோடே சாப்பிட்டார், அதோடே படுத்தார். அரித்தது. உடம்புச் சூட்டில் அது காய்ந்தது. எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தொட்டிலில் பரப்பினார்.

சேறு வழிக்கும் சத்தம் ஒரு கணம் நின்றது. மறுபடி கேட்டது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பூசையைச் சாமியார் மாலையிலேயே முடித்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்துவைத்துவிட்டு ஓரமாக நின்றார். அழைக்கவில்லை.

அவளாக வந்தாள்.

கையை உள்ளே விட்டாள். தட்டைத் தடவினாள். கூரையைத் தடவினாள். வைக்கோலைத் தடவினாள். விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தாள். ஈரம் ஒட்டவில்லை.

முந்தியை அவிழ்த்தாள்.

பாலனைக் கிடத்தினாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் கைக்குட்டையை நான்காக மடித்து, பிள்ளையின் கழுத்துவரை போர்த்தினாள்.

“இவ்வளவு பனியக் கொட்டி வச்சிருக்கியளே, புள்ளைக்குக் குளிராதா?”

அந்தத் தெருவுக்கு, வெள்ளத்தில் போன கரண்ட் வந்தது பொங்கலுக்குப் பிறகு.