பெரிய சிடி

வேலம்பாளையம் சிடி கடையின் டியூப் லைட் வெளிச்சத்தில் ரோஸ்மேரி இரண்டு சிடிகளை மாற்றி மாற்றிப் பார்க்கிறாள். இரண்டுமே பிரசவத்துக்குப் பிறகு வீட்டிலேயே செய்யும் உடற்பயிற்சி. ஒன்று பத்து நிமிடம், மற்றது ஒரு மணி நேரம். அவள் தலைமுடியில் பனியன் பஞ்சு ஒட்டியிருக்கிறது. பக்கத்து நிட்டிங் மெஷின் ஓட்டத்தில் கடையின் கண்ணாடி அலமாரி விடாமல் அதிர்கிறது. அவளுடைய குழந்தை பிறந்த அன்றே இறந்துவிட்டது. மூன்று மாதமாகியும் வயிறு வற்றவில்லை. இன்று அவள் வேலை செய்யும் பனியன் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பெண், "எத்தனாவது மாசங்கக்கா?" என்று கேட்டுவிட்டாள். கடைக்காரர் பூபாலனுக்கு இதெல்லாம் தெரியாது. "சின்னதே எடுத்துக்க கண்ணு. குழந்தை தூங்கி எந்திரிக்கறதுக்குள்ள முடிஞ்சுரும். பெருசு வாங்குனவுங்க எல்லாம் நேரமே இல்லீங்கன்னு திருப்பிக் கொண்டாந்துட்டாங்க" என்கிறார். வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நிற்கும் கணவன் அந்தோணிராஜ் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொள்கிறான். ரோஸ்மேரி சின்னதை மெல்ல மேசைமேல் வைக்கிறாள். புடவைத் தலைப்பை இழுத்து வயிற்றை மூடிக்கொள்கிறாள். "பெருசே குடுங்கண்ணே. எனக்கு நேரம் கெடக்கு." பூபாலன் சிரித்துக்கொண்டே சிடியைக் கவரில் போட்டு நீட்டுகிறார். "குடுத்து வெச்சவ கண்ணு நீ."